பெல்லா கன்னா? எலக்ட்ரோஸ்டேட்டிக் பெயிண்டிங்ல நாங்க எடுத்த முடிவு

எங்க கன்வேயர் லைனுக்கு ஆட்டோமேட்டிக் எலக்ட்ரோஸ்டேட்டிக் ஸ்ப்ரே கன் போடுறதா, ரோட்டரி பெல் (வேகமா சுத்துற கிண்ணத்தால பெயிண்ட துளியா தூவுற கருவி) போடுறதான்னு மாசக்கணக்கா மண்டைய உடைச்சுக்கிட்டு கடைசில பெல் போட்டோம், ரெண்டு வருஷமா ஓடுது. அதனால நான் எழுதுறதுல பெல் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கத்தான் செய்யும், முன்னாடியே சொல்லிடுறேன்.

சார்ஜ் விஷயம் ரெண்டுலயும் ஒண்ணுதான். கேஸ்கேட்ல, அதாவது வோல்டேஜ பல மடங்கு ஏத்துற சர்க்யூட்ல, வோல்டேஜ ஏத்தி பெயிண்ட் துளிக்கு நெகட்டிவ் சார்ஜ் குடுத்தா, எர்த் ஆகியிருக்கிற பார்ட் அத இழுத்துக்கும். பெயிண்ட உடைக்கிற விதத்துலதான் வித்தியாசமே. கன்ல காத்து அடிச்சு உடைக்குது, அதே காத்து நெறைய துளிய பார்ட்ட தாண்டி தள்ளிட்டுப் போயி பெயிண்ட் அடிக்கிற பூத்தோட ஃபில்டர்ல சேத்துடுது. பெல்லுல ஏர் டர்பைன் (காத்து தள்ளி சுத்துற சக்கரம்) ஒரு சின்ன கிண்ணத்த 30,000, 40,000 ஆர்பிஎம்ல சுத்த வைக்குது, நடுவுல வர்ற பெயிண்ட் கிண்ணத்தோட உள்பக்கம் மெல்லிசா பரவி விளிம்புக்கு வந்து, அங்க இருக்கிற பொடிப்பொடி பள்ளங்கள்ல நூல் நூலா பிரிஞ்சு துளியாகுது. முன்னாடி தள்ளுற வேகம் கம்மிங்கிறதால சார்ஜ் இழுக்கிற இழுப்பு நல்லாவே வேலை செய்யும். பின்னாடி இருந்து வர்ற ஷேப்பிங் ஏர்ங்கிற காத்து, தூவுற பேட்டர்னோட அகலத்த பாத்துக்கும். பார்ட் ஷேப் ஒத்து வந்தா 80 சதவீதத்துக்கு மேல பெயிண்ட் பார்ட்லயே உக்காரும், கன்ல அந்த அளவுக்கு வராது. ஃபினிஷும் பெல்லுதான், இதுல பேச ஒண்ணுமில்ல.

இப்ப மெயின்டெனன்ஸுக்கு வருவோம், முடிவ மாத்துறதே இதுதான். கன்ல தேயுறது நாசில், நீடில், ஏர் கேப், கசிவ தடுக்கிற பேக்கிங், அவ்ளோதான். ஷிஃப்ட்ல இருக்கிற பையனே கழட்டி மாத்திடுவான், காத்து கொஞ்சம் அழுக்கா வந்தாலும் முனகிட்டே ஓடும். பெல் அப்படி விடாது. அதோட டர்பைன் ஷாஃப்ட் பால் பேரிங்ல நிக்கிறதில்ல, தலைமுடிய விட மெல்லிசான ஒரு காத்துப் படலத்துல மிதக்குது. அந்தக் காத்துல துளி எண்ணெயோ தண்ணியோ வந்தா பேரிங் கத முடிஞ்சது. 0.01 மைக்ரான் ஃபில்டர், அதுக்கு முன்னாடி காத்துல இருக்கிற ஈரத்த எடுக்கிற ட்ரையர், ரெண்டும் இல்லாம பெல்ல பத்தி யோசிக்கவே யோசிக்காதீங்க. டர்பைன் காத்த நிறுத்தின பிறகும் கப் (அந்தக் கிண்ணம்தான்) முழுசா நிக்கிற வரைக்கும் பேரிங் காத்து போயிட்டே இருக்கணும். எங்களுக்கு மூணாவது மாசம் கம்ப்ரஸர் ட்ரிப் ஆச்சு, காத்து சேத்து வைக்கிற ரிசர்வ் டேங்க் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருந்தோம், கப் முழு வேகத்துல சுத்திட்டிருக்கு, தகரத்துல ஆணிய வச்சு கீச்சின மாதிரி ஒரு சத்தம், அவ்ளோதான், ஷாஃப்ட் ஒட்டிக்கிச்சு. அத நம்ம பட்டறைல பிரிச்சு சரி பண்ண முடியாது, கம்பெனிக்கே அனுப்பணும். தப்பு எங்களுதுதான். அடுத்த வாரமே காத்து திரும்பிப் போகாம தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வோட ஒரு டேங்க் போட்டோம், அதுக்கப்புறம் பேரிங்ல ஒரு பிரச்சனையும் இல்ல.

இன்னொண்ணு கப். விளிம்புல நகத்த வச்சு தடவினா மட்டும் தெரியுற ஒரு சின்ன வடு போதும், பேனல்ல பெருசு பெருசா புள்ளி விழும். ஒரு நாள் முழுக்க பெயிண்ட் விஸ்காசிட்டிய (கெட்டித்தன்மைய) மாத்தி மாத்தி பாத்துட்டு, சாயங்காலம்தான் கப்ப கையில எடுத்தோம், பல்ல கடிச்சுக்கிட்டோம். யாரோ இரும்பு மேசைல கவுத்து வச்சிருக்காங்க. இப்ப சாஃப்ட் பிரஷ், தின்னர், கழட்டினா ஃபோம் வச்ச பெட்டிக்குள்ளதான் வைக்கணும். காஞ்ச பெயிண்ட் ஒரு பக்கமா சேந்தா பேலன்ஸ் போயி பேரிங்குக்கும் அடி விழும், அதனால ஷிஃப்ட் முடிவுல கழுவுறத நாளைக்குன்னு தள்ளிப்போட முடியாது.

எர்த்திங் ரெண்டுக்கும் பொது. ஹேங்கர் கொக்கில பெயிண்ட் ஏறி தடிச்சுப் போச்சுன்னா பார்ட் எர்த் ஆகாது, பெயிண்ட் ஒட்டாது, பார்ட்ல சார்ஜ் தேங்கி ஸ்பார்க் அடிக்கும். சால்வென்ட் ஆவி இருக்கிற பூத்ல இது விளையாட்டு இல்ல.

கன் ஜெயிக்கிற இடமும் இருக்கு. பாக்ஸ் மாதிரி குழிவான பார்ட்னா சார்ஜ் ஏறின துளி ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு உள் மூலைக்குப் போகாது, அங்க கன்னோட காத்து வேகம்தான் உள்ள தள்ளும். அடிக்கடி ஷேப் மாறுற சின்ன பேட்ச் வேலைன்னா நானே கன்னுதான் வாங்கச் சொல்லுவேன். வாட்டர் பேஸ் பெயிண்ட நாங்க ஓட்டினதில்ல. தண்ணி மின்சாரத்த கடத்துறதால சார்ஜ் பெயிண்ட் லைன் வழியாவே எர்த்துக்குப் போயிடும், அதுக்கு வெளி எலக்ட்ரோடு (துளிக்கு வெளிய இருந்து சார்ஜ் குடுக்கிற முனை) வச்ச பெல்லோ, பெயிண்ட் சப்ளைய எர்த்தோட தொடர்பில்லாம தனியா ஐசொலேட் பண்றதோ வேணும். அதனால இந்த மெயின்டெனன்ஸ் கணக்க அப்படியே அங்க போட்டுடாதீங்க.

எங்க லைன் கடைசில மூலைக்குன்னே ஒரு ஹேண்ட் கன் இன்னும் தொங்குது. சில்வர் மெட்டாலிக் ஓடுற அன்னிக்கு மட்டும் அதால தலைவலி, பெல்லுல அடிச்சதும் கன்ல அடிச்சதும் அலுமினியத் துகள் படுக்கிற விதம் வேற, ஷேடு தனியா தெரியும். அன்னிக்கு மூலைய முதல்ல கன்ல அடிச்சுட்டு, மேல பெல்ல ஓட்டிடுறோம்.