தை மாத மிளகாய் நாற்று: குழித்தட்டா, மேட்டுப்பாத்தியா?

மாசி நடுவில் மிளகாய் நட வேண்டும் என்றால் தை பிறந்த கையோடு விதை பாவிவிட வேண்டும். நாற்று தயாராக 35 முதல் 40 நாள் பிடிக்கும். தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் கிணற்றை நம்பிக் காய்கறி போடுகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு அத்துப்படி. மண்ணில் எடுத்த மேட்டுப்பாத்தியிலா, சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் குழித்தட்டிலா, எதில் பாவுவது என்பதில்தான் இரண்டு கட்சி. நான் இரண்டிலும் பாவிப் பார்த்துவிட்டேன்.

மேட்டுப்பாத்தியில் பாவுகிற நாள் லேசான நாள். மூன்றடி அகலத்தில், அரையடி உயரத்தில் பாத்தி எடுத்து, விரலால் கோடு இழுத்து, விதையைத் தூவி, சலித்த எருவால் மூடி, மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் தண்ணீர் தெளித்தால் போதும். இரண்டு பேர் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். செலவென்று பெரிதாக ஒன்றும் இல்லை.

குழித்தட்டில் பாவ ஒரு நாள் முழுக்க வேண்டும். இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 15,000 செடி. 98 குழித் தட்டில் 155 தட்டு. போன வருஷம் நாலு பேர் நிழல்வலைக் குடிலுக்குள் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. தென்னை நார்த்தூளை நனைப்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. தட்டை நிரப்பி, மேலே இன்னொரு தட்டை வைத்து அமுக்கினால் ஒவ்வொரு குழியிலும் சின்னப் பள்ளம் விழும். அதில் ஒரே ஒரு விதை. "அண்ணாச்சி, இது விதை போடுத வேலை மாதிரி இல்ல, பூக்கட்டுத வேலை மாதிரி இருக்கு" என்றார் வேலைக்கு வந்திருந்த அக்கா. உண்மைதான்.

போட்ட தட்டுகளைப் பத்துப் பத்தாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடிவிடுவோம். தைப்பனிக்கு இந்தக் கதகதப்பு அவசியம். ஐந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் திறந்து பார்க்க வேண்டும். வெள்ளையாகக் கழுத்து தெரிந்ததும் பிரித்துப் பரப்பிவிட வேண்டும். ஒரு தடவை, ஒரு சாயங்காலம் பார்க்காமல் விட்டேன். மறுநாள் நாற்று முளைப்பயறு போல நீண்டு சாய்ந்து கிடந்தது. இருபது தட்டு போச்சு.

இவ்வளவு பாட்டுக்கும் பலன் நடவு நாளில்தான் தெரியும். பாத்தி நாற்றைப் பறிக்கும்போது வேர் பாதி மண்ணிலேயே நின்றுவிடுகிறது. நட்டபின் ஒரு வாரம் தலை தொங்கிக் கிடக்கும், செத்த இடத்துக்கெல்லாம் மறுபடி ஆள்விட்டு நட வேண்டும். தட்டு நாற்று நார்த்தூள் கட்டியோடு வரும்; அன்று மாலையே நிமிர்ந்து நிற்கும். பாத்தி தையில் மிச்சப்படுத்துகிற கூலியை மாசியில் வட்டியோடு வாங்கிவிடுகிறது என்பது என் அனுபவம்.

நாற்றழுகல் நோயும் அப்படித்தான். பாத்தியில் ஒரு மூலையில் பிடித்தால் வட்டமாகப் பரவும். தட்டில் பெரும்பாலும் அந்தக் குழிகளோடு நிறுத்திவிடலாம். குடிலைச் சுற்றி 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை கட்டினால் வெள்ளை ஈ பெரும்பாலும் உள்ளே வராது. இலைச்சுருட்டு வைரஸைச் சுமந்து வருவது அதுதான். இலைப்பேன் அதைவிடப் பொடிசு, அதை வலை மட்டும் தடுக்காது.

நார்த்தூளில் மட்டும் கவனம் வேண்டும். கயிறு ஆலையிலிருந்து பச்சையாக வாங்கி வந்து நிரப்பி, நாற்று முழுக்க மஞ்சளடித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். மட்கவைத்து, உப்புப் போகக் கழுவிய தூளாக இருக்க வேண்டும்.

பாலித்தீன் தாள் போட்ட பசுமைக்குடிலே கட்டிவிடலாமே என்று கேட்கிறார்கள். நம் ஊர் மாசிப் பகலுக்கே உள்ளே நிற்க முடியாது, நாற்றும் வெந்துபோகும். பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத நிழல்வலை போதும். ஆனால் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீசுமுன் வலையைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

நாற்றை விலைக்கு வாங்குவதும் உண்டு. சொன்ன ரகம்தானா என்பது காய்த்த பிறகுதான் தெரியும் என்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

அதற்காகப் பாத்தியை விட்டுவிடவும் இல்லை. வீரிய ஒட்டு விதை ஏக்கருக்கு 80 முதல் 100 கிராம்தான், விலையோ அதிகம். ஒவ்வொன்றையும் குழியில் வைத்துத்தான் ஆக வேண்டும். சொந்தமாக எடுத்துவைத்த ரக விதை 400 கிராம் வரை பிடிக்கும், அதைத் தூவலாம், நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கிக் கலைக்கலாம். அதனால் இந்தத் தையில் ஒட்டுரகம் முழுக்கத் தட்டில். வீட்டுச் செலவுக்கான சம்பா வத்தலுக்குக் கிணற்று மேட்டில் இரண்டு பாத்தி. அம்மா போன வருஷ வத்தலை உடைத்து விதை எடுத்துச் சாம்பல் புரட்டி வைத்திருக்கிறாள்.