ஓகல்தார்ப்பா, மேரியா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் தொடக்கக் கதைக்குள் நுழைய இரண்டு பேர் வழி காட்டுவார்கள்: ஜேம்ஸ் ஓகல்தார்ப், மேரி மஸ்குரோவ்.

ஓகல்தார்ப் ஆங்கிலேய எம்.பி. கடனாளிச் சிறையில் நண்பர் ஒருவர் அம்மை கண்டு இறந்ததும் சிறைக் கொடுமைகளைக் கிளறினார். 1733-ல் நூற்றுச் சொச்சம் பேருடன் வந்து சவானா நகரை அமைத்தார். அவர் போட்ட சதுக்கங்களில் இன்றும் நடக்கலாம். ரம்முக்குத் தடை, அடிமை முறைக்கும் தடை. நல்ல மனிதர்தான், ஆனால் அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் அவரே துணை ஆளுநராக இருந்தவர். இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மேரியின் இயற்பெயர் கூசபோனாகீசா. தாய் கிரீக் என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர், தந்தை ஆங்கிலேய வியாபாரி. மான்தோல் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தார். ஓகல்தார்ப்பும் யமக்ரா என்ற பழங்குடிக் குழுவின் தலைவர் டோமோச்சிச்சியும் பேசிக்கொள்ள இவர் நாக்குதான் பாலம். நம்மூர் துபாஷ் வேலை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1743-ல் ஊர் திரும்பும்போது ஓகல்தார்ப் தன் விரலிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றி மேரிக்குத் தந்தார். அப்புறம் அவர் ஜார்ஜியா பக்கமே வரவில்லை. மேரியோ நில உரிமைக்காக வருடக்கணக்கில் அரசோடு மல்லுக்கட்டினார். 1749-ல் கிரீக் ஆட்களோடு சவானாவுக்குள்ளேயே நுழைந்தார். கடைசியில், 1760-ல், செயின்ட் கேத்தரின்ஸ் தீவும் 2,100 பவுண்டு பணமும் கிடைத்தன.

நகர அமைப்பில் ஆர்வமென்றால் ஓகல்தார்ப். எனக்கு மேரிதான்.