ஃபோட்டோ ராக் 308 பேப்பர்: ஜெலட்டின் பூசிக் களைச்சவன்ர ரிவியூ

பண்ணைக் கடல்ல பின்னேரம் எடுத்த களங்கட்டி (தடி நட்டு மீன் பிடிக்கிற அடைப்பு) படம் ஒண்டைச் சுவரில மாட்டுறதுக்கு போன கார்த்திகையில இருந்து மினக்கெட்டனான். கடைசியா ஹானமூலே கொம்பனியின்ர ஃபோட்டோ ராக் 308 இன்க்ஜெட் பேப்பர், ஏ4 பெட்டி ஒண்டு, ஜேர்மனியில இருக்கிற மச்சான் நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க கொண்டந்து தந்தவன். 1584இல இருந்து பேப்பர் செய்யிற மில் அது, விலையும் அதுக்கேத்த மாதிரி நெஞ்சை அடைக்கும், அதாலதான் முதல் குறுக்கு வழி பாத்தனான்.

டவுனில வோட்டர்கலர் பேப்பர் வாங்கினன், 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்), தொட்டாலே வடிவு. அப்பிடியே பிறிண்ட் அடிச்சா மை நாருக்குள்ள இறங்கி, களங்கட்டித் தடியெல்லாம் அடுப்புச் சாம்பல் நிறத்தில வந்து நிக்குது. பேப்பர் நல்லதா இருந்தாக் காணாது, மையை மேலயே பிடிச்சு வைச்சிருக்க ஒரு பூச்சு வேணும், இன்க்ஜெட் ஆர்ட் பேப்பருக்கு வழக்கமா சிலிக்காத் தூளைப் பசையோட சேத்துத்தான் பூசுவினம். சரி நாங்களே பூசுவம் எண்டு ஜெலட்டினை ஊறவிட்டு, சுடுதண்ணிச் சட்டிக்கு மேல வைச்சுக் கரைச்சு அகலத் தூரிகையால ரெண்டு தரம் இழுத்தன், அம்மா எட்டிப் பாத்திட்டு "ஆருக்கடா ஜெலி?" எண்டவ. கறுப்பு முந்தினதை விடத் திறமாத்தான் வந்தது, பொய் சொல்லேல்லை. ஆனா அந்த மழைக்குள்ள காயவே ரெண்டு நாள், காஞ்சாப் பிறகு பொரிச்ச அப்பளம் மாதிரி சுருளுது, அதை உள்ள விட்டா பிறிண்டர் ஹெட்டில உரஞ்சும். தூரிகைக் கோடு தெரியிறது உங்களுக்கு விருப்பம் எண்டா பூசுங்கோ.

ஃபோட்டோ ராக்கில அதே படம், அதே பிக்மென்ட் மை (நிறத்தூள் மை), மட் பிளாக்கில (மினுக்கமில்லாத பேப்பருக்கான கறுப்பு) அடிச்சன். தடி கறுப்பெண்டாக் கறுப்பு! தண்ணியில விழுந்த நிழலுக்குள்ள கூட ரெண்டு மூண்டு கறுப்பு பிரிஞ்சு தெரியுது, நான் சும்மா பாத்துக்கொண்டே நிண்டனான். முழுப் பருத்தி, மினுக்கம் துப்புரவா இல்லை. கள்ளக்காசு பாக்கிற நீல லைட்டை அடிச்சுப் பாத்தன், போட்டோக்கொப்பி பேப்பர் பளீரெண்டு எரியுது, இது லேசாத்தான். வெள்ளையாக்கிற ரசாயனம் கனக்கப் போட்டாத்தான் அப்பிடி எரியும், அது நாள்பட மங்கிப் பேப்பரும் மஞ்சளாப் போகும்.

குறையும் இருக்கு. மேல பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும், மெல்லிய பிறஷால தட்டாம அடிச்சா பேந்து அது விழுந்து அந்த இடம் வெள்ளைப் புள்ளி, எனக்கு முதல் தாளே அப்பிடித்தான் போனது. நகம் பட்டாலும் கறுப்பில கீறு விழுது. பூச்சு ஒரு பக்கம்தான், குழம்பினா ஈர விரலால மூலையைத் தொட்டுப் பாருங்கோ, ஒட்டுற பக்கத்தில அடியுங்கோ.

பழகிப் பாக்கிறதுக்கு இதை வாங்காதேங்கோ, அதுக்கு மலிவான மட் பேப்பர் காணும். மிச்சத் தாள் சிலிக்கா ஜெல்லோட பொலித்தீன் பையுக்குள்ள, அலுமாரி மேல்தட்டில. அம்மாவுக்கு இடம் சொல்லேல்லை.