நீட்டிக்கொண்டு போகும் லோடுக்குச் சிவப்புக் கொடி: சென்னை மூலக்கடையில் ஒரு தார்ப்பாய்க் கடையில் வாங்கி ஆறு மாதம் பார்த்தாச்சு

கொடி ஒன்று 70 ரூபாய், கம்பி நுனியை மூடுகிற பை 220 ரூபாய். பத்துக் கொடியும் நாலு பையும் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. மூன்று கொடி தொலைந்துபோனது, மற்றது எல்லாம் இன்னும் உழைக்கிறது. வண்டியில் சாமான் ஏற்றுகிற தொழிலில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எனக்குத் தண்டையார்பேட்டையில் பிளம்பிங் சாமான் கடை. பைப், ஆங்கிள், ஏணி, சில நாள் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து எடுத்து வருகிற முறுக்குக் கம்பி, எல்லாமே நீளமான சரக்கு. சொந்தமாக ஒரு குட்டி யானை, அதாவது சின்ன லோடு வண்டி, வைத்திருக்கிறேன், மச்சான் ஓட்டுகிறான். குட்டி யானையின் பாடி ஏழடிக்குக் கொஞ்சம் மேலே. பத்தடி பைப் போட்டாலே பின்னால் மூன்றடி வெளியே நிற்கும். இருபதடி பைப் என்றால் கேபின் மேலே தூக்கி வைத்துக் கட்டுவார்கள், முன்னாலும் நீட்டும், பின்னாலும் நீட்டும். இதை வருஷக்கணக்கில் நாங்களும் செய்துகொண்டுதான் இருந்தோம். நுனியில் ஒரு பழைய சிவப்புத் துணி. அது எப்போது கட்டியது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

நான் பார்த்தது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில். மச்சான் இருபதடி ஜிஐ பைப் ஏற்றிக்கொண்டு முன்னால் போகிறான், நான் பைக்கில் நாலு வண்டி தள்ளிப் பின்னால். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். கேட் போட்டிருந்தது. கேட் போட்டால் நம்ம ஊரில் என்ன நடக்கும் என்று தெரியும், கிடைக்கிற இடைவெளியில் எல்லாம் டூவீலர் நுழைந்து நிற்கும். ஒரு அம்மா, முன்னால் யூனிஃபார்மோடு ஒரு சின்னப் பையன், ஸ்கூட்டியை நேராகக் கொண்டுவந்து எங்கள் பைப்புக்கு நடுவில் நிறுத்தினார்கள். பையன் முகத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜாண் கூட இருக்காது, பைப் நுனி. அந்த அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. கேட் திறந்தது, மச்சான் பிரேக்கை விட்டுக் கிளட்சை எடுப்பதற்குள் வண்டி அரை அடி பின்னால் உருண்டது. நான் கத்தினதில் அந்த அம்மா பையன் தலையைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள். பைப் ஹேண்டில்பாருக்கு மேலே போய் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் எங்கள் சிவப்புத் துணி பைப்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, டீசல் புகையில் கறுத்து, பைப்போடு பைப்பாக இருந்தது.

மறுநாளே பிராட்வே பக்கம் ஒரு கடையில் 'சேஃப்டி ஃபிளாக்' என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு விற்பதை வாங்கினேன். 30 ரூபாய். மூன்று வாரத்தில் வெயிலில் ரோஸ் நிறமாகிவிட்டது. அதன் ஓரத்தில் பளபளவென்று வெள்ளிப் பட்டை வேறு, அது வெறும் பளபளப்புதான், ராத்திரியில் லைட் அடித்தால் ஒன்றுமே இல்லை. காசு போனது பெரிதில்லை, அதை நம்பி ராத்திரி ஓட்டினோமே, அதை நினைத்தால்தான் பதறுகிறது.

சரி, இப்போது மூலக்கடை கடை. சந்துக்குள் தார்ப்பாயும் கயிறும் வைத்து, லாரிக்குத் தார்ப்பாய் ஒட்டுப்போட்டுத் தைக்கிற சின்ன இடம். இரண்டு மிஷின். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்காவும் அவர் மகனும் பார்த்துக்கொள்கிறார்கள். கொடி தைப்பீர்களா என்று கேட்டேன். "கட்சிக் கொடியா, லாரிக் கொடியா தம்பி?" என்று கேட்டார். லாரிக்கு என்றதும் மிஷினை நிறுத்திவிட்டு, என்ன லோடு, எவ்வளவு நீட்டும், ராத்திரியும் ஓடுமா என்று வரிசையாகக் கேட்டார். முப்பது ரூபாய்க் கடையில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை.

அளவுக்கு நான் ஒரு கணக்கு கொண்டுபோயிருந்தேன். அமெரிக்காவில் சரக்கு வண்டிகளுக்கான மத்திய விதியில், பின்னால் நாலடிக்கு மேலோ பக்கவாட்டில் நாலு இன்ச்சுக்கு மேலோ நீட்டினால் கொடி கட்ட வேண்டும். கொடி 18 இன்ச் சதுரத்துக்குக் குறையக் கூடாது, சிவப்போ பளிச்சென்ற ஆரஞ்சோ இருக்க வேண்டும். நீட்டுகிற லோடு இரண்டடி அகலத்துக்குள் இருந்தால் ஒன்று போதும், அதற்கு மேல் என்றால் இரண்டு. அது அவர்கள் ஊர் விதி, நமக்குச் செல்லாது, ஆனால் அளவு நல்ல அளவு. நாம் கட்டுகிற துணி பாதி நேரம் கைக்குட்டை அளவுகூட இருக்காது. அக்கா முதலில் 18 இன்ச்சுக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்ததில் பதினாறரைக்கு வந்துவிட்டது. சொன்னதும் முகம் சுளிக்காமல் அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, 20 இன்ச்சுக்கு வெட்டி மறுபடி தைத்தார். கூடுதல் காசு கேட்கவில்லை.

துணி கெட்டியான டெரிகாட்டன். அதைவிட முக்கியம், மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் குழாய் மாதிரி மடித்து, உள்ளே ஒரு மெல்லிய ஜிஐ கம்பியை விட்டுத் தைத்திருக்கிறார். அதனால் காற்றில் கொடி பைப்பைச் சுற்றி முறுக்கிக்கொள்வதில்லை, விரிந்தே நிற்கிறது. எங்கள் பழைய துணி ஏன் உதவவில்லை என்பதற்கு அந்தக் கம்பிதான் பதில். நாலு மூலையிலும் பித்தளை ஐலெட், கயிறு கோக்கிற ஓட்டைக்குப் போடுகிற வளையம். காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் ஓடுகிற வண்டியில் இரும்பு ஐலெட் போட்டால் உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியை அரித்துவிடும் என்று அவரே சொன்னார். ஆறு மாதமாகத் திருவொற்றியூர்ப் பக்கம் தினம் போய்வருகிற வண்டியில் கட்டியிருக்கிறேன், அவர் சொன்னது சரி.

ராத்திரிக்கு என்ன என்பதுதான் பெரிய விஷயம். சிவப்பு என்றால் எப்போதும் கண்ணில் படும் என்று நினைக்கிறோம், அது பகலில்தான். மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்கிற செல்கள் வேறு, அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அதனால் இருட்டில் முதலில் கறுப்பாகிற நிறம் சிவப்புதான். டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தூணுக்குக் கீழே ராத்திரி ஓட்டுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். இன்னொன்று, டூவீலரில் லைட்டை டிம் செய்தால் வெளிச்சம் ரோட்டில் விழும், பைப் நுனி ஓட்டுகிறவரின் நெஞ்சு உயரத்திலோ முகத்து உயரத்திலோ இருக்கும், அங்கே வெளிச்சம் ரொம்பக் குறைவு. இன்னும் ஒன்று, 12 எம்எம் கம்பியை நேர் பின்னாலிருந்து பார்த்தால் அது கம்பியே இல்லை, ஒரு புள்ளி. பக்கவாட்டில் பார்க்கிறவனுக்கு நீளம் தெரியும், இடிக்கப் போகிறவனுக்குத்தான் தெரியாது.

அக்கா கொடியின் குறுக்கே இரண்டு இன்ச் அகலத்தில் ஒளி திருப்பி அடிக்கிற பட்டை வைத்துத் தைக்கிறார், துப்புரவுப் பணியாளர்கள் போடுகிற ஜாக்கெட்டில் சாம்பல் நிறத்தில் இருக்குமே, அந்தத் துணி. நாம் ரேடியம் ஸ்டிக்கர் என்று சொல்வதும் இதே வேலையைத்தான் செய்கிறது, அதில் ரேடியம் எதுவும் கிடையாது, பொடிக் கண்ணாடி மணிகளோ பட்டகம் போன்ற நுண்ணிய அமைப்போ இருக்கும். வந்த பக்கத்துக்கே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எது நிஜம், எது வெறும் பளபளப்பு என்று பார்க்க அக்கா மகன் ஒரு வழி காட்டினான். கடை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், காதோரம் வைத்துக்கொண்டு இருபதடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னான். நிஜப் பட்டை பல்பு எரிகிற மாதிரி எரிந்தது. டார்ச்சைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் மங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போய் அந்த முப்பது ரூபாய்க் கொடியை இதே மாதிரி பார்த்தேன், இருட்டில் துணி இருப்பதே தெரியவில்லை. எங்கே வாங்கினாலும் இதைச் செய்து பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் அந்தப் பை. கொடியைவிட எனக்கு இதுதான் பிடித்தது. தார்ப்பாய்த் துணியில் சிவப்பாக, தலையணை உறை மாதிரி, வாயில் சுருக்குக் கயிறு. கட்டின கம்பிகளின் நுனியில் மொத்தமாக மாட்டி இழுத்துக் கட்டிவிட வேண்டும். அடியில் இரண்டு மடிப்புச் சாக்கு வைத்துத் தைத்திருப்பதால் கம்பி குத்திக் கிழிப்பதில்லை. இருபது புள்ளியாக இருந்தது ஒரு பெரிய சிவப்புப் பொருளாகத் தெரிகிறது, பட்டையும் சுற்றிலும் வருகிறது. தனிக் கம்பி ஒன்று நழுவி வெளியே வருவதையும் ஓரளவு தடுக்கிறது. இதைத் தைக்கலாம் என்று சொன்னது நான் இல்லை, அக்காதான். "கொடி பார்க்கிறவனுக்கு, பை பார்க்காதவனுக்கு" என்றார். பை இருந்தாலும் கம்பி கம்பிதான், வேகமாக வந்து மோதினால் அது காப்பாற்றாது, அதையும் அவரே சேர்த்துச் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. முதல் தடவை கொடுத்த கொடிகளில் பட்டையை ஒற்றைத் தையலில் தைத்திருந்தார்கள், இரண்டில் மழைக்குப் பிறகு ஓரம் பிரிந்தது. கொண்டுபோனதும் எல்லாவற்றுக்கும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் அதை முதலிலேயே செய்திருக்கலாம். கட்டுகிற நாடா குட்டை, நான் கட்டுக் கம்பி போட்டுத்தான் கட்டுகிறேன். பில் என்றால் கைப்பட எழுதின சீட்டுதான். சொன்ன தேதிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தார்கள், ஆடி மாதம் கோயில் வேலை என்றால் இன்னும் தள்ளும். சந்துக்குள் வண்டி போகாது, மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

இதை வாங்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள், எனக்கே இது தாமதமாகத்தான் தெரிந்தது. கொடி கட்டினால் நீட்டலாம் என்று சட்டத்தில் இல்லை. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவில், அனுமதித்த அளவைத் தாண்டி லோடு முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம், சரக்கை இறக்குகிற செலவும் நம் தலையில், லோடைச் சரிசெய்யாமல் வண்டி நகர முடியாது. ஓட்டினவர் மட்டும் இல்லை, ஓட்டச் சொன்னவரும் அதில் வருவார். "சிவப்புத் துணி கட்டியிருக்கிறேனே சார்" என்பது பதில் ஆகாது. துறைமுகத்திலிருந்து பெரிய இயந்திரம் ஏற்றிப் போகிற ஓடிசி டிரெய்லர்கள், அதாவது அளவு மீறின சரக்கை ஏற்றுகிற வண்டிகள், தனி அனுமதி வாங்கிக்கொண்டு போகின்றன, அது வேறு கதை.

அதனால் கேட் சம்பவத்துக்குப் பிறகு இருபதடி பைப்பைக் குட்டி யானையில் ஏற்றுவதையே விட்டுவிட்டோம். சாத்தாங்காட்டிலேயே பத்தடியாக அறுத்து வாங்கி, பதினாலு அடி வண்டி வாடகைக்கு எடுத்து உள்ளே அடங்குகிற மாதிரி ஏற்றுகிறோம். வாடகை கூடத்தான் ஆகிறது. மச்சான் முதலில், "மாமா, ஊரே இப்படித்தானே ஏத்துது" என்றான். அந்தப் பையன் முகத்தை ஞாபகப்படுத்தினேன், அதற்கு மேல் பேசவில்லை.

பின்னே கொடி எதற்கு என்றால், முக்கியமாக என் கடைக்கு வருகிற கஸ்டமர் வண்டிகளுக்கு. மீன்பாடி வண்டி, அந்த மூன்று சக்கரச் சாமான் வண்டி, எடுத்துக்கொண்டு வருவார்கள், நாலு ஆங்கிள், ரெண்டு ஏணி, அரை கிலோமீட்டர்தான் என்பார்கள். அறுத்துத் தருகிறேன், நம்ம வண்டியில் அனுப்புகிறேன், இரண்டு நடை அடித்துக் கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். பாதிப் பேர் கேட்பார்கள். கேட்காதவர்கள் எப்படியும் ஏற்றிக்கொண்டு போகத்தான் போகிறார்கள், அவர்கள் வெறும் நுனியோடு என் வாசலைத் தாண்டுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொடியும் பையும் நானே கட்டிவிடுகிறேன், 100 ரூபாய் முன்பணம், திருப்பிக் கொடுத்தால் காசு வாபஸ். தொலைந்த மூன்றும் இப்படிப் போனதுதான். போன வாரம் எண்ணூர் நெடுஞ்சாலையில் சிக்னலில் நிற்கும்போது முன்னால் ஒரு மீன்பாடி வண்டியில் சவுக்குக் கட்டை, நுனியில் மஞ்சள் நூலில் தைத்த சிவப்புக் கொடி, அக்கா கை வேலை, எனக்குத் தெரியாதா. என்னிடம் வாங்கினவரா, யாரிடமாவது போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. கேட்கவும் இல்லை, விரிந்து நன்றாகத்தான் நின்றது.

கடை காலை பத்து மணிக்கு மேல் திறக்கும், ஞாயிறு கிடையாது. போகும்போது பட்டைக்கு இரட்டைத் தையல் வேண்டும், நாடா ஒரு முழம் விட்டுத் தைக்க வேண்டும், இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைக்கு உங்கள் லோடின் சுற்றளவை நூல் வைத்து அளந்துகொண்டு போங்கள், அக்கா அந்த நூலைத்தான் கேட்பார்.