ஸ்டாக் எடுக்கப் போனவர் இருபது நிமிடம் கழித்து வந்தார்

வெளிநாட்டுப் பயணத்தில் கேமரா வாங்கலாம் என்று திட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் விலை தெரியாமல் ஏமாறவில்லை. ஒரு மாதம் முன்பிருந்தே விலைகளை ஒப்பிட்டு, மாடல் எண்ணைக்கூட ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அட்டையைத் தேய்த்ததற்கும் பெட்டி கைக்கு வந்ததற்கும் நடுவே ஒரு இருபது நிமிடம் இருந்ததே, அதில்தான் எல்லாம் நடந்தது.

கடையின் பெயரையோ நகரத்தையோ சொல்லப்போவதில்லை. சுற்றுலாப் பயணிகள் கூடும் தெருக்களில், கண்ணாடி அலமாரி முழுக்கக் கேமராவும் லென்ஸும் அடுக்கி, எதிலும் விலைச் சீட்டு ஒட்டாத கடைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சீட்டு இல்லை என்றதும் நான் திரும்பியிருக்க வேண்டும். பேரம் பேசலாம் போலிருக்கிறதே என்று சந்தோஷமாக உள்ளே போனேன்.

"மை ஃபிரெண்ட்" என்று வரவேற்றவர் கேட்ட முதல் கேள்வி, எப்போது ஊருக்குக் கிளம்புகிறேன் என்பது. நாளை விடியற்காலை விமானம் என்றேன். அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்! திரும்பி வந்து சண்டை போட எனக்கு நேரம் இருக்காது என்பதை நானே அவரிடம் சொல்லிவிட்டேன்.

நான் கேட்டது லென்ஸ் மாற்றக்கூடிய, ஏபிஎஸ்-சி எனப்படும் பெரிய அளவு சென்சார் (ஒளியைப் படமாக்கும் சிப்) உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைக் கேமரா. அவர் சொன்ன விலை, நான் பார்த்து வைத்திருந்த மிகக் குறைந்த விலையைவிடவும் குறைவு. இன்று இந்த விலைக்கு ஒன்றுதான் இருக்கிறது, கிடங்கிலிருந்து வரவேண்டும், பணம் கட்டினால்தான் அங்கே சீல் உடைப்பார்கள் என்றார். கட்டினேன். அட்டை இயந்திரத்தில், உள்ளூர்ப் பணத்திலா உங்கள் நாட்டுப் பணத்திலா என்று கேட்கும் திரை வரும். அதை எனக்குக் காட்டாமல் அவரே அழுத்திவிட்டார். நம் நாட்டுப் பணம் என்று தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதம் நம் வங்கியுடையதாக இருக்காது. பெரும்பாலும் அதைவிட மோசமாகவே இருக்கும். எதில் கட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அட்டைக்காரருடையது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பணம் போனதும் தேநீர் வந்தது. கேமரா வரவில்லை. இருபது நிமிடம் கழித்து அவர் பெட்டியோடு வந்து, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "இதைக் கொடுக்க எனக்கு மனசில்லை" என்றார். இந்த மாடலில் வண்ணம் சரியாக வராதாம், வீடியோ என்டிஎஸ்சி என்ற வேறு நாட்டு டிவி முறையில் இருப்பதால் எங்கள் நாட்டு டிவியில் ஓடாதாம். நான் நம்பாமல் பார்க்க, இரண்டு கேமராக்களால் ஒரே சுவரைப் படம் எடுத்துக் காட்டினார். நான் கேட்ட கேமராவில் சுவர் நீலமாக இருந்தது. அவர் சிபாரிசு செய்ததில் சுவர் சுவராகவே இருந்தது.

அந்த நீலத்தின் ரகசியத்தை வீட்டுக்கு வந்து, ஒரு நண்பரின் கேமராவில் செய்து பார்த்தேன். விளக்குக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை குண்டு பல்பு அடையாளத்துக்கு மாற்றிவிட்டு, பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்கின் கீழ் எடுத்தால் எந்தக் கேமராவும் நீலமாகத்தான் எடுக்கும். என்டிஎஸ்சி கதையும் அப்படியே. இன்றைய டிவிகள் பெரும்பாலும் அந்த முறையையும் நம் நாட்டு முறையையும் காட்டும். கேமராவில் அது வீடியோ விநாடிக்கு 30, 60 படமா, 25, 50 படமா என்ற கணக்குதான். பல மாடல்களில் மெனுவிலேயே மாற்றிக்கொள்ளலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் நாட்டில் 60-ல் எடுத்தால் சில விளக்குகள் மினுக்கும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் தோன்றவில்லை. பணம் அவர் கையில். திருப்பிக் கேட்டால், சீல் உடைத்தாயிற்று, திரும்பப் பெறுவதில்லை என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றுகொண்டார்கள். ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. கடைசியில், லென்ஸ் மாற்றவே தேவையில்லாத பெரிய ஜூம் கேமரா ஒன்றுக்குத் தலையாட்டினேன். அதற்கு மேலே வித்தியாசத் தொகையும் கட்டினேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அதன் சென்சார் 1 அங்குல வகை. பெயரில்தான் அங்குலம், அளந்தால் 13.2 மில்லிமீட்டருக்கு 8.8. நான் கேட்ட ஏபிஎஸ்-சி சுமார் 23.5-க்கு 15.6. பரப்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விலையோ அதிகம். கெட்ட கேமரா இல்லை, நான் கேட்டது இல்லை.

அப்புறம் பேட்டரி, சார்ஜர், கழுத்துப் பட்டை எல்லாம் "கிட்" என்று தனிக்காசு. கம்பெனிப் பெட்டியிலேயே அவை இருக்க வேண்டும். என் பெட்டியில் அவற்றுக்கான குழிகள் காலியாக இருந்தன. எனக்கு வந்த பேட்டரி வேறு ஏதோ தயாரிப்பு. "உலக உத்தரவாதம்" என்று கொடுத்தது கடைக்காரர்களே அச்சடித்த அட்டை. பல நிறுவனங்கள் கேமராவுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே உத்தரவாதம் தருகின்றன. உங்கள் நாட்டு சேவை மையத்துக்குப் புறப்படும் முன்பே ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். வெளிநாட்டுப் பயணி என்பதால் பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம் என்ற நினைப்பும் விமான நிலையத்தில் முடிந்தது. கடை அந்தத் திட்டத்திலேயே இல்லை.

வீட்டில் வைத்து எடுத்த முதல் படத்தின் கோப்பு எண் 1143. பழைய மெமரி கார்டைப் போட்டால் சில கேமராக்கள் அதிலிருக்கும் எண்ணிலிருந்து தொடரும், ஆனால் நான் போட்டது காலி கார்டு. அதாவது எனக்கு முன்பே யாரோ ஆயிரத்துக்கு மேல் எடுத்திருக்கிறார்கள்.

பயணத்தில் வாங்கிய அந்தக் கார்டின் கதை தனி. கணினியில் 128 ஜிபி என்று காட்டியது. படங்கள் 30 ஜிபியைத் தாண்டியதும் பிறகு எடுத்த எதுவும் திறக்கவில்லை. இந்தப் போலிகளில் உள்ளே இருப்பது சின்ன சிப். அளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றிவிடுகிறார்கள். இடம் தீர்ந்த பிறகும் பதிவது போலவே நடிக்கும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும். பயணத்தில் வாங்கிய கார்டை இப்படிச் சோதிக்காமல் கல்யாணம், காட்சி எடுக்கப் போய்விடாதீர்கள்.

சில இடங்களில் இந்த வேலை சட்டப்படியே குற்றம். ஹாங்காங்கில் ஒன்றைக் காட்டி இழுத்து வேறொன்றைத் தலையில் கட்டுவது 2013 ஜூலை முதல் குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு. நான் போனது அங்கே இல்லை. எங்கே என்றாலும் ஊரை விட்டுக் கிளம்பும் முன் புகார் கொடுத்தால்தான் ஏதாவது நடக்கும். அதனால்தான் கடைசி மாலையில் வாங்காதீர்கள் என்கிறேன். பெட்டியைத் திறந்து, மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் பில்லில் எழுத வைத்து, அதற்குப் பிறகு அட்டையை எடுங்கள். "முதலில் பணம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள், தேநீர் பாதியில் இருந்தாலும் சரி.

வங்கியில் பணத்தைத் திரும்பக் கேட்டேன். அட்டை நிறுவனங்களின் விதிப்படி பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு, எனவே காலம் தாண்டவில்லை. சொன்ன பொருள் வேறு, கொடுத்த பொருள் வேறு என்று எழுதினேன். சொன்ன பொருள் எது என்பதற்குச் சான்று கேட்டார்கள். பில்லை எடுத்துப் பார்த்தேன். "டிஜிட்டல் கேமரா - 1, துணைப் பொருட்கள் - 1 செட்" என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.