பழவிளை முதல் கோழிவிளை வரை: இரு கரை ஆவண உதவி எப்படி இருக்கிறது?

குமரி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் நான்கு: பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இலங்கைக் குடியுரிமை எடுக்கவும், பெற்றோர் போரில் தொலைத்த சான்றிதழ்களை மீட்கவும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் உதவுகிறது. எஸ்.சி.சந்திரகாசன் 1984ல் தொடங்கிய அமைப்பு இது. இலங்கையிலும் அதன் சகோதர அமைப்பு இயங்குகிறது.

இந்தச் சேவையின் பலம் அந்தச் சகோதர அமைப்புதான். படிவம் நிரப்பித் தர மார்த்தாண்டத்தில் எந்த ஜெராக்ஸ் கடையிலும் ஆள் கிடைக்கும். மன்னாரில் 1975ல் பிறந்தவரின் பிறப்புப் பதிவை அங்குள்ள பிரதேச செயலகத்தில் (நம் தாலுகா அலுவலகம் போன்றது) போய்த் தேடத்தான் ஆள் கிடைக்காது. பதிவு எண் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பிறந்த இடம், தேதி, தாய் தகப்பன் முழுப்பெயர் மூன்றையும் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பதிவுப் புத்தகமே அழிந்திருந்தால், தேடியும் கிடைக்கவில்லை என்ற முடிவை எழுத்தில் வாங்கி, அதை வைத்து, பிறப்புச் சான்றுக்குப் பதிலாகத் தரப்படும் உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போகலாம். அங்கே பள்ளிப் பதிவேடும் ஞானஸ்நானச் சான்றும் கைகொடுக்கும். தேவாலயப் பங்குப் புத்தகத்தின் மதிப்பு நம் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பைத் தூதரகத்தில் பதிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் பதிவது நல்லது. தாண்டினாலும் வழி உண்டு, ஆனால் காத்திருப்பு கூடும். 2003 திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்கும். குழந்தையின் இந்தியப் பிறப்புச் சான்று, பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றுகள், திருமணச் சான்று, முகாம் பதிவு அட்டை ஆகியவற்றோடு கோப்பு சென்னையிலுள்ள துணைத் தூதரகத்துக்குப் போகும்.

கோப்பு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். இங்கே பிறப்புச் சான்றில் தகப்பன் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல் இருக்கும். அங்கே அதே ஆளின் சான்றில் முழுப்பெயர் விரிந்து நிற்கும். யோகேஸ்வரி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு தாளில் 'ஒய்' என்று முடிப்பார்கள், இன்னொரு தாளில் 'ஐ' என்று முடிப்பார்கள். தமிழில் ஒன்றுதானே என்று நாம் நினைப்போம், கவுண்டரில் இருப்பவர் அப்படி நினைக்கமாட்டார். ஆகவே முதலில் இலங்கைச் சான்றை வரவழைத்து, அதிலுள்ள எழுத்துக்கூட்டலை வைத்து இங்குள்ள சான்றைத் திருத்துவதுதான் சரியான வரிசை. பலர் தலைகீழாகச் செய்து இரண்டு முறை அலைகிறார்கள்.

அடுத்த சிக்கல், ஆஸ்பத்திரியில் பிறந்தும் பெயர் சேர்க்காமல் விட்ட சான்று. பெயர் சேர்க்க 15 வருடம் வரை அவகாசம் உண்டு; முதல் வருடம் தாண்டினால் தாமதக் கட்டணம். பிறப்பையே பதியாமல் ஓராண்டு கடந்திருந்தால் வருவாய்க் கோட்ட அளவிலான உத்தரவு தேவை: பழவிளை, பெருமாள்புரத்துக்கு நாகர்கோவில்; ஞாறான்விளை, கோழிவிளைக்குப் பத்மநாபபுரம். முகாமில் நடந்த பல கல்யாணங்களும் பதிவாகாமல் கிடக்கின்றன. அதையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

குறை என்று சொன்னால், இதுபோன்ற கூட்டுப் பணி எங்கேயும் ஆட்களின் நினைவில்தான் ஓடுகிறது. நிதி தரும் திட்டம் முடிந்து பணியாளர் மாறினால், எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். அசலை எதற்கும் கொடுத்துவிடாதீர்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால், கொடுத்த தாள்களின் பட்டியலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். இரண்டு கரையிலும் யார் பொறுப்பு என்று அதிலேயே எழுதிவைத்தால் இன்னும் நல்லது.

ஊர் திரும்பும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு ஆவணம் மட்டும் போதாது. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் அமைப்பின் ஏற்பாட்டில் போன ஒரு முதியவர் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில் கைதானார். போர்க்காலத்தில் முறையான பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறியதுதான் குற்றச்சாட்டு. படகில் வந்த மற்றவர்களுக்கும் இது பொருந்தக்கூடும் என்பதால், டிக்கெட் போடும் முன்பு அங்குள்ள இன்றைய நடைமுறையை மறுகரை அமைப்பிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு கூட்டம் இந்தச் சேவைக்கு அவசரமாக வரவே கூடாது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள் ஆகக்கூடியவர்கள். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022ல் உத்தரவிட்டிருக்கிறது. இவர்கள் இலங்கைப் பதிவுக்குக் கையெழுத்துப் போடும் முன்பு, பிறப்புச் சான்றோடு ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.