ஆறாவது வருடத்தில் என் எட்டுத் தந்தி பேஸ்

போன வாரம் என் எட்டுத் தந்தி பேஸ் கிட்டாரின் பிரிட்ஜை, அதாவது தந்திகளின் அடிமுனை உட்காரும் உலோகப் பாகத்தை, மாற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, மடியில் வைத்து, எட்டுத் தந்திக்கும் சுருதி சேர்த்து முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் இருபத்திரண்டு நிமிடம் போயிருந்தது. புது பிரிட்ஜ் போட்ட அன்று அப்படித்தான் ஆகும் என்று வையுங்கள். பழையதிலும் இது பத்து நிமிடத்துக்குக் குறையாத வேலைதான். ஆறு வருடத்தில் எத்தனை மேடை, ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம் என்று பெருக்கிப் பார்ப்பதில்லை என்று உறுதி எடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே, தேவாலயத்தில் நான்கு தந்தி பேஸ் வாசிக்கும் தம்பி ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணே, எட்டுத் தந்தி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? உங்கள் பேஸ் மாதிரிப் பெரிய சத்தம் வேண்டும்." அவனிடம் பாதிதான் சொன்னேன். மீதி இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஐந்து தந்தி, ஆறு தந்தி பேஸ் வேறு சாதி. அவற்றில் கூடுதல் தந்திகள் கூடுதல் சுரங்களுக்காக வருகின்றன. ஐந்தாவது தந்தி 31 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 31 அதிர்வு) வரை இறங்கும். பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் 1975இல் வாத்தியம் செய்யும் கார்ல் தாம்ப்சனிடம் சொல்லிச் செய்வித்த ஆறு தந்தி பேஸும் அந்த வழிதான். என்னுடையதில் இருப்பது அதே நான்கு தந்திதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவே. சுவீடனின் ஹாக்ஸ்ட்ரோம் நிறுவனம் 1967இலேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. அது போதாதென்று எழுபதுகளின் பிற்பகுதியில் சீப் டிரிக் என்ற அமெரிக்க ராக் குழுவின் பேஸ்காரர் டாம் பீட்டர்சன், தந்திக்கு இரண்டு துணை வேண்டும் என்று ஹேமர் என்ற கிட்டார் நிறுவனத்திடம் கேட்டார். கழுத்து தாங்குமா என்ற பயத்தில் முதலில் பத்துத் தந்தியோடு செய்து பார்த்து, பிறகுதான் பன்னிரண்டுக்குப் போனார்கள். பயம் நியாயமானது. சாதாரண நான்கு தந்தி பேஸின் கழுத்து தாங்குவது ஏறக்குறைய 80 கிலோ இழுவை. எட்டு என்றால் அது 120 கிலோவைத் தாண்டிவிடும்.

நான் இதை வாங்கியது ஆசையால் அல்ல. எங்கள் மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். மிஞ்சியது கீபோர்டு, டிரம்ஸ், நான், இரண்டு பாடகர்கள். பாட்டின் நடுவில் கீபோர்டு தனியாக மெட்டு வாசிக்கத் தொடங்கினால் அடியில் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் இது வந்தது. முதல் கச்சேரியிலேயே நிரப்பியும் விட்டது. ஒரே ஒரு சுரத்தை அழுத்தி விட்டேன், மேடையின் அந்த ஓரத்திலிருந்த டிரம்ஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். கிட்டார்காரர் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தாராம்.

"பெரிய சத்தம்" என்று கேட்கிறவர்கள் எல்லாரும் கீழே தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன். பெரிய ஸ்பீக்கர், பெரிய வாட். வாட்டைப் பத்து மடங்கு ஆக்கினால்தான் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பதை யாரும் அப்போது எனக்குச் சொல்லவில்லை. 30 வாட்டை 300 ஆக்கப் பணம் செலவழித்த பிறகுதான் தெரிந்தது. பேஸ் பெரிதாகக் கேட்பது அடியில் இருக்கும், மிகத் தாழ்ந்த தந்தியின் 41 ஹெர்ட்ஸால் அல்ல, அதற்கு மேலே இருப்பவற்றால். கைக்கடக்கமான டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஸ்பீக்கரால் அந்த 41ஐத் தரவே முடியாது. ஆனாலும் அதில் பேஸ் கேட்கிறதே, எப்படி? மேலே இருக்கும் அதிர்வுகளை வைத்துக் காது கீழே இருப்பதைத் தானே ஊகித்துக்கொள்கிறது.

தம்புரா பிடித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குதிரையின் மேல் தந்திக்கு அடியில் ஒரு நூல் துண்டைச் செருகுவார்கள், ஜீவா என்று பெயர். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் அதுவரை 'டொய்ங்' என்றிருந்த தந்தி திடீரென்று திறந்துகொண்டு கூடம் முழுவதும் பரவும். தந்தியின் பருமனும் சுருதியும் அப்படியேதான் இருக்கின்றன. மேலே உள்ள ஒலிகளுக்கு வாய் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். எட்டுத் தந்தி பேஸில் அந்த நூலின் வேலையை மெல்லிய தந்தி செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. விரல் வைக்காத E தந்தி, அதாவது மிகத் தாழ்ந்தது, 41.2 ஹெர்ட்ஸ், அதன் துணை 82.4. துணை சேர்ந்தும் சேராமலும் அரை ஹெர்ட்ஸ் விலகி நின்றால், இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஒலி மெதுவாகப் பெருத்துச் சுருங்கும், மூச்சு விடுவது போல. கச்சிதமாகச் சேர்த்தால் அந்த மூச்சு நின்று ஒலி மட்டையாகிவிடும். ஒரு ஹெர்ட்ஸைத் தாண்டினாலோ பாடகர் திரும்பி முறைப்பார். நான் பணம் கொடுத்து வாங்கிய அழகும் என் பிராணனை வாங்கும் தொல்லையும் இந்த ஒரு ஹெர்ட்ஸுக்குள் குடியிருக்கின்றன.

தொல்லைக்கு வருகிறேன். மெல்லிய A, அதாவது A தந்தியின் துணை. இந்த ஒரு தந்தியைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். மற்ற ஏழும் ஓரளவு மனிதத் தன்மையோடு நடந்துகொள்ளும். இது கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் நட் என்ற துண்டின் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். கீயைத் திருப்பினால் ஒன்றும் ஆகாது, இன்னும் திருப்பினால் ஒன்றும் ஆகாது, பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம், சுருதி ஒரேயடியாகத் தாண்டிப் போயிருக்கும். பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் இரண்டு வாரம் ஒழுங்காக இருக்கும். என் பெட்டியில் பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டும் வில்லை) இல்லாமல் போனதுண்டு, பென்சில் இல்லாமல் போனதில்லை. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டியதுதானே என்பீர்கள். ஒருவர் அகலப்படுத்தியும் கொடுத்தார். அதற்குப் பிறகு தந்தி பள்ளத்துக்குள் அதிர்ந்து இரைந்தது. பழைய நட்டே மேல் என்று அதே மாதிரி ஒன்றை மறுபடி போட்டுக்கொண்டேன்.

பழைய பிரிட்ஜின் கதை இதைவிட மோசம். எட்டுத் தந்திக்கு அதில் நான்கே சேடில். தடித்ததும் மெல்லியதும் ஒரே உலோகத் துண்டில் உட்காரும். தடித்த தந்திக்குச் சேடில் சற்றுப் பின்னால் தள்ளி இருக்க வேண்டும், மெல்லியதற்கு முன்னால். ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிக்கு)ப் போகும்போது சுருதி விலகி ஊர் மாறிவிடும். தடித்ததுக்கு வைத்துக்கொண்டு, ஏழாம் ஃபிரெட்டுக்கு மேலே போவதையே நிறுத்தி ஐந்தரை வருடம் ஓட்டினேன். எட்டுத் தந்திக்கு நான்கு சேடில் போதும் என்று முடிவெடுத்தவர் எட்டுப் பேர் வந்த வீட்டில் நான்கு இலை போட்டவர். இப்போது எட்டுச் சேடில் இருக்கிறது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரண்டும் ஒன்றாக ஒலித்ததை முதல் தடவை கேட்டபோது, நியாயமாகச் சொன்னால், சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

நாங்கள் இருப்பது தூத்துக்குடி. உப்புக் காற்றில் மெல்லிய தந்திகள்தான் முதலில் துருப்பிடிக்கும். ஆகஸ்டில் பனிமய மாதா திருவிழாச் சமயம் திறந்த வெளியில் வாசித்துவிட்டு வந்தால் மறுநாள் விரலில் பழுப்பு ஒட்டும். குளிரூட்டிய மண்டபத்தில் சேர்த்த சுருதி வெளியே வந்ததும் இறங்கும், அதுவும் எட்டும் ஒரே அளவில் இறங்காது. எட்டுத் தந்தித் தொகுப்பு உள்ளூரில் கிடைப்பதில்லை. நான்கு தந்திப் பேஸ் தொகுப்பு ஒன்று வாங்கி, மெல்லியவற்றைக் கிட்டார் தந்தியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கிட்டார் தந்தி நீளம் போதாது.

ஸ்பீக்கர் விஷயத்தில் நான் பட்டதைச் சொன்னால் யாருக்காவது பணம் மிச்சமாகும். பேஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்று, பழைய கிட்டார் ஆம்ப் ஒன்று, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் இரட்டைச் சத்தம் வரும் என்று கம்பியைப் பிரித்து இணைத்தேன். ஒரு ஆம்பில் வந்ததைவிட மெலிந்த சத்தம் வந்தது. ஏதோ பழுது என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். தனித்தனியாக இரண்டும் நன்றாகவே பாடின, சேர்ந்தால்தான் செத்தன. ஒன்றின் ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெட்டிக்குள் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டினேன். அடுத்த சுரத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. செலவு ஒரு ரூபாய் இல்லை.

அதற்குப் பிறகு வந்து சேர்ந்த ஏற்பாடு இப்போதும் நிற்கிறது. ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸில் ஒலியைப் பிரித்து, கீழ்ப்பகுதியைச் சுத்தமாகப் பேஸ் ஆம்புக்கும், மேற்பகுதியை லேசான கரகரப்போடு கிட்டார் ஆம்புக்கும் அனுப்புகிறேன். கரகரப்பை மொத்தத்துக்கும் போட்டால் அடிப்பகுதி கூழாகிவிடும். பிளெக்ட்ரத்தால் மேலிருந்து அடித்தால் முதலில் மெல்லியது, பிறகு தடித்தது. விரலால் இழுத்தால் முதலில் தடித்தது. இந்த வரிசை மாற்றம் ஒன்றே இரண்டு வாத்தியங்கள் வைத்திருப்பதற்குச் சமம். எந்த எஃபெக்ட் பெட்டியிலும் எனக்கு இவ்வளவு கிடைத்ததில்லை.

ஆனால் எங்கள் குழு இரவு முழுக்க வாசிப்பது இளையராஜா பாடல்கள். அவற்றில் பேஸ் பாட்டுக்குப் பின்னால் நிற்காது. தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு கூடவே நடக்கும், சில இடங்களில் முந்தியும் ஓடும். அந்த ஓட்டத்தை எட்டுத் தந்தியில் வாசித்தால் ஒவ்வொரு சுரமும் அடுத்ததன் காலை மிதிக்கும். எட்டுத் தந்தி நீட்டி நிறுத்தும் இடங்களுக்கு ராஜா, ஓடும் இடங்களுக்குப் பாரம். ஆகவே மேடையில் ஒரு நான்கு தந்தியும் பக்கத்தில் நிற்கிறது. முப்பது பாட்டில் எட்டுத் தந்தி எழுந்து நிற்பது ஐந்தோ ஆறோ. அந்த ஐந்துக்காகத்தான் அத்தனை நிமிடமும் பென்சிலும் உப்பும்.

தம்பியிடம் வாங்காதே என்றேன். ஐந்து தந்தி வாங்கு, மீதிப் பணத்துக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கு, ஆறு மாதத்தில் எனக்கு நன்றி சொல்வாய் என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் உங்களுடையதையாவது எனக்குக் கொடுத்துவிடுங்கள் அண்ணே, நல்ல விலை தருகிறேன்" என்றான். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பிரிட்ஜுக்குக் கொடுத்த பணம் முதலில் வசூலாகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, மெல்லிய A இறங்கியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன். இறங்கியிருந்தது.